காயப்பட்ட வீட்டிற்குத் திரும்பும்போது

 

உம்மா மத்திய கிழக்கிற்குத் தொழிலுக்குச் சென்ற காலத்தில், உறவினர் வீட்டில் வளர்ந்த வாலிபர்கள் நம் ஊர்களில் பலர் உள்ளனர். சிலருக்கு அந்த வீடு அடியும் ஏச்சும் நிறைந்த இடமாகவே இருந்தது. பெருநாளைக்கு ஊர் வந்தாலும் அந்த வீதியால் அவர்கள் செல்வதில்லை. "பழையதை மறந்து ஸலாம் சொல்" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம்.

அபூ ஸுப்யான் இப்னு ஹாரிஸ் (ரழி) நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையின் மகன், பால்குடிச் சகோதரரும்கூட. ஆயினும் நீண்ட காலம் கவிதையால் நபியவர்களை இகழ்ந்தார். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) நபியவர்கள் தாம் பிறந்த மக்காவை நோக்கிப் புறப்பட்டபோது, அவர் வழியில் வந்து நின்றார். நபியவர்கள் முதலில் அவரைச் சந்திக்க விரும்பவில்லை. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் பரிந்து பேசினார்கள். யூஸுப் (அலை) அவர்களின் சகோதரர்களைப் போன்று அவரும் தம் தவறை ஏற்றுக்கொண்டார், மன்னிப்புக் கிடைத்தது. ஹுனைன் களத்தில் பலர் சிதறியபோது நபியவர்களின் வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்து நின்றவர் அவரே.

வஹ்ஷி (ரழி) அவர்களின் விடயம் வேறு. ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்ற அவரது இஸ்லாத்தை நபியவர்கள் ஏற்றார்கள். எனினும், தம் கண்ணெதிரே வராதிருக்க இயலுமா என வினவினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

எனவே மன்னிப்பது வேறு, நெருங்கிப் பழகுவது வேறு.

வாலிபரே! உறவை முற்றாகத் துண்டித்துவிடாதீர். ஒரு ஸலாம், நோய் விசாரிப்பு, ஒரு துஆ என்பனவும் உறவைப் பேணுதலே. மனம் இடம் தராவிடின் அவ்வீட்டில் விருந்துண்ண வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பெற்றோரே, பெரியோரே! நோவினை செய்தவர்தாம் முதலில் வாசற்படியேறி வரவேண்டும். அபூ ஸுப்யான் (ரழி) அவர்கள் தாமே தேடி வந்தார்கள். காயப்பட்ட பிள்ளையிடம் மாத்திரம் பொறுமையைக் கேட்பது நீதியாகாது.

அந்த வீட்டில் இன்றும் ஒரு சிறுபிள்ளை அடிபடுகின்றதா? அங்கே மௌனம் பொறுமையல்ல, அநியாயத்திற்குத் துணைபோவதாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்திற்கு உடன் அறிவியுங்கள். குடும்ப மானத்தை விடப் பிள்ளையின் பாதுகாப்பு பெரிது.

உடைந்த உள்ளங்களை அல்லாஹ் ஆற்றுவானாக! தவறிழைத்தவர்களுக்கு அதனை ஏற்கும் துணிவைத் தருவானாக! ஆமீன்.