கோப்பை வாங்காதவரைப் படமெடுங்கள்



இந்தக் குறும்பட விழாவில், தெருவில் சதுரங்கம் ஆடிப் பிழைக்கும் வீடற்றவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் பேசக் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தபடியே சுருக்கமாகப் பேசுகிறேன்.

முதலில், வீடில்லாமல் சதுரங்கம் ஆடிய ஒரு பையனின் கதை. 2008-ல் டாக்காவிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். பெயர் ஃபஹீம். பாரிசை ஒட்டிய கிரெத்தேய் ஊரின் சதுரங்கக் கழகத்தில் சேவியே பார்மாந்தியே என்ற நல்ல ஆசான் கிடைத்தார். தங்க இடம்தான் கிடைக்கவில்லை. அடைக்கலம் கேட்ட மனு தள்ளுபடி. அப்பாவுக்குத் தெருதான் வீடு. பையனைக் கழகத்து நண்பர்கள் தங்கள் வீடுகளில் படுக்க வைத்தார்கள். அந்த நிலையில்தான் 2012-ல், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பிரான்ஸ் நாட்டுச் சாம்பியன் ஆனான்! வானொலி நேரலையில் ஒரு நேயர் அன்றைய பிரெஞ்சுப் பிரதமர் ஃபியோனிடமே இவனைப் பற்றிக் கேட்டார். அதன்பிறகு அப்பாவுக்குத் தங்கும் அனுமதி கிடைத்தது. 2019-ல் இவன் கதை படமாகவும் வந்தது. ஆசான் வேடத்தில் நடிகர் ஜெரார் தெபார்தியூ.

கைதட்டுங்கள், தட்ட வேண்டிய கதைதான். ஆனால் கடைசிச் சுற்றில் அந்தப் பையன் குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்திருந்தால்? அப்பாவின் அனுமதிச்சீட்டும் அதோடு வெட்டுப்பட்டிருக்கும் இல்லையா? ஒரு குடும்பத்தின் கூரையைப் பந்தயமாக வைத்துக் குழந்தையை ஆட விட்ட அரசை நான் பாராட்ட மாட்டேன்.

அதே 2019-ல் நியூயார்க்கில், நைஜீரியாவிலிருந்து வந்த தானி அடெவூமி என்ற சிறுவன் வீடற்றோர் விடுதியில் இருந்துகொண்டே மாநிலப் பட்டம் வென்றான். நன்கொடை குவிந்தது. அந்த ஊரிலேயே வாஷிங்டன் சதுக்கப் பூங்கா இருக்கிறது. கல்மேசையில் பதித்த பலகை, ஐந்து நிமிட ஆட்டம், சில டாலர் பந்தயம். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இளமையில் அங்கே ஆடிக் காசு பார்த்தவர். அவரைப் போல் பேர் வாங்காமல் காலமெல்லாம் அங்கேயே ஆடியவர்களுக்கு யார் நன்கொடை திரட்டினார்கள்? நன்கொடையை விடுங்கள்; சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் வீதியில் 2013-ல் சூதாட்டம், போதை என்று காரணம் சொல்லி, போலீசார் சதுரங்க மேசைகளையே அள்ளிக்கொண்டு போனார்கள்.

கேமரா தூக்கும் தம்பிகளே, தங்கைகளே! பட்டம் வென்றவரைத் தேடி ஆயிரம் பேர் போவார்கள். நீங்கள் தோற்றவரின் எதிரில் போய் உட்காருங்கள். முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். அவருடைய நேரம்தான் அவருக்குச் சோறு. படம் எடுக்கும் பொழுதுக்கு உரிய பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு எடுங்கள்.