அரண்மனைப் பிரபுக்கள்: பதவியும் பரம்பரையும்

(ஜூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜெர்மானிய நாட்டில் இருந்த ஒரு பழைய பதவியின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உரோமை நகரின் ஏழு குன்றுகளில் ஒன்று பலத்தீன். சீசர்கள் அங்கே மாளிகை கட்டி வாழ்ந்ததால், அரச மாளிகைக்கே அக்குன்றின் பெயர் வழங்கலாயிற்று. ஜெர்மானியர் நாவில் அது 'பால்ஸ்' என்று திரிந்தது. அம்மாளிகையில் மன்னரின் சார்பில் வழக்குகளை விசாரித்து, அரச உடைமைகளைக் கண்காணித்தவர் 'பால்ஸ்கிராப்', அதாவது அரண்மனைப் பிரபு. மன்னருக்கு நிலையான தலைநகர் இல்லாத காலம் அது. அவர் ஊர் ஊராகச் சென்று ஆண்டார். அவர் இல்லாத இடத்தில் அவருடைய கையாக நின்றவர் இந்தப் பிரபு. ஆகவே அவருடைய அதிகாரம் சொந்த அதிகாரமன்று; ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்.

ஆனால் ஒப்படைக்கப்பட்டதைச் சொந்தமாக்கிக் கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? ரைன் நதிக்கரைப் பிரபு எட்ஸோவைப் பாருங்கள். பேரரசர் மூன்றாம் ஒட்டோவைப் பலகை ஆட்டத்தில் வென்று, அவருடைய சகோதரி மெட்டில்டாவை மணந்தார் என்று பழைய மடாலய வரலாறு கூறும். ஆட்டம் கதையாயினும் திருமணம் மெய். பிள்ளைகள் பத்துப் பேர். ஒரு மகள் ரிக்கேசா போலந்து நாட்டின் அரசியானாள். ஒரு மகன் ஹெர்மன் கொலோன் பேராயரானார். இக்குலம் என்றும் அழியாது என்றுதான் அன்று எண்ணியிருப்பார்கள். எட்ஸோ 1034-ல் இறந்தார். 1056-ல் பேராயர் ஹெர்மனோடு அவருடைய ஆண்வழி முடிந்தது!

பதவி எட்ஸோவின் சகோதரர் வழிக்குச் சென்றது. அவ்வழியில் வந்த ஹென்றி கொலோன் பேராயர் ஆன்னோவோடு போரிட்டுத் தோற்றார். பின்னர் சித்தம் கலங்கி 1060-ல் தம் மனைவியையே கொன்றார். எக்தர்நாக் மடத்தில் அடைக்கப்பட்டு மறு ஆண்டில் மாண்டார். அவர் இழந்த சீக்பூர்க் கோட்டை இருந்த குன்றின்மேல் பேராயர் 1064-ல் துறவு மடம் ஒன்றை நிறுவினார்.

மற்றொரு ஹென்றியும் உண்டு. லாக் ஏரிக்கரையில் வாழ்ந்த அவருக்குப் பிள்ளைப் பேறு இல்லை. அவரும் மனைவி அடெலெய்டும் 1093-ல் அங்கு மடாலயம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினர். இரண்டே ஆண்டுகளில் அவர் கண் மூடினார். கோயில் அபிஷேகம் பெற்றதோ 1156-ல். நாட்டியவர் கண்ணால் காணாத கோயில் அது!

அதே 1156-ல் பேரரசர் பார்பரோசா இப்பதவியைத் தம் சகோதரர் கொன்ராடுக்குக் கொடுத்தார். 1214-ல் அது விட்டெல்ஸ்பாக் குலத்துக்குப் போயிற்று. 1356-ல் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர் என்ற உரிமை இப்பிரபுவுக்கு உறுதியாயிற்று. 1386-ல் பிரபு ரூப்ரெக்ட் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தை நிறுவினார். மன்னரின் காரியக்காரராகத் தொடங்கியவர்கள் மன்னரையே தெரிவு செய்பவர்களாக உயர்ந்தார்கள். என்றாலும் 1803-ல் அந்த நாடும் துண்டாடப்பட்டு மறைந்தது.

இன்று எஞ்சி நிற்பது என்ன? எட்ஸோவும் மெட்டில்டாவும் 1024-ல் நிறுவிய பிரௌவைலர் மடாலயத்தின் கோயில், நம் கோயிலைப் போல் ஒரு பங்குக் கோயிலாக விளங்குகிறது. லாக் ஏரிக்கரை மடம் 1802-ல் மூடப்பட்டாலும், 1892-ல் பெனடிக்டின் துறவியர் மீண்டும் குடியேறினர். இன்றும் அங்கே செபம் ஒலிக்கிறது. ரூப்ரெக்டின் பல்கலைக்கழகத்தில் மாணவர் பயில்கின்றனர். தம் குலத்துக்கென்று அவர்கள் பிடித்து வைத்தவை கைமாறிப் போயின. பிறருக்கென்று கொடுத்தவை நிலைத்தன.

அன்பர்களே, பங்கில் நாம் வகிக்கும் பொறுப்பு எதுவும் நம் வீட்டுச் சொத்தன்று. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இது எங்கள் உரிமை" என்று சொல்ல நா எழும்போது, பிள்ளையில்லாத அந்த ஹென்றியை நினைத்துக் கொள்வோம். அவர் அடிக்கல் நாட்டிய கோயிலில், அவர் பெற்றெடுக்காத மக்கள் இன்றும் மண்டியிடுகிறார்கள்.