நிறுத்தச் சொன்ன குளிசை எது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



பாடசாலையின் பெருமையைப் பேச இன்று பலர் இருக்கிறார்கள். எங்களிடம் சங்கம் கேட்டது வேறு. "வீட்டுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம் சொல்லுங்கோ" என்றார்கள். ஆகவே குளிசைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டிய நம்மில் பலரிடம் இரண்டு குளிசைப் பெட்டிகளின் பொறுப்பு இருக்கிறது. ஒன்று அம்மாவுடையது. மற்றது, சொல்ல விருப்பமில்லாவிட்டாலும், நம்முடையது.

எல்லா வீட்டிலும் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான். "போன மாதம் இதுதான் நல்லதெண்டார், இந்த மாதம் இது கூடாதாம்." "ஒவ்வொரு முறையும் வேற டொக்டர், ஆளுக்கொரு மருந்து." "நிறம் மாறி வந்திருக்கு, இது அதுதானோ?" இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. மாற்றத்துக்கும் பெரும்பாலும் காரணம் இருக்கிறது. பிறஷருக்கு எனலாப்ரில் குடிக்கிறவருக்கு வறட்டு இருமல் வந்தால் லொசார்ட்டனுக்கு மாற்றுவார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்போமினைக் குறைப்பார்கள், சிலவேளை நிறுத்துவார்கள். கையிருப்பு முடிந்தாலும் மாறும். 2022இல் மருந்து தேடி அலைந்ததை இங்கே ஒருவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

நிறம் மாறுவது வேறு விஷயம். ஒரே மருந்தைப் பல கம்பனிகள் செய்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். வெளியே பெரிதாக இருப்பது வியாபாரப் பெயர். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பொதுப் பெயர். அந்தச் சின்ன எழுத்துக்காக வாதாடியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். பொதுப் பெயரும் அதன் பக்கத்திலுள்ள மில்லிகிராம் கணக்கும் பழையபடி இருந்தால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நாங்கள் பயப்படுவது இன்னொன்றுக்கு. வார்ட்டில் திரும்பத் திரும்பக் காண்கிற பல அம்மாமாரை ஓர் அம்மாவாகச் சேர்த்துச் சொல்கிறோம்.

எழுபது கடந்தவர். சலரோகம். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பல வருடமாகக் கிளிபென்கிளமைட் குடிக்கிறார். கால் வீங்கியதால் ஒரு பின்னேரம் சனல் பண்ணி ஒரு வைத்தியரிடம் காட்டுகிறார்கள். அவர் இரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகம் தளர்ந்திருப்பதைக் காண்கிறார். அப்படிப்பட்டவர்களின் உடம்பில் கிளிபென்கிளமைட் தேங்கி நின்று சீனியை அதிக நேரம் இறக்கும். ஆகவே அதற்குப் பதிலாகக் கிளிக்கிளசைட் எழுதுகிறார். சரியான முடிவு. எழுதியது அவருடைய துண்டில். கிளினிக் கொப்பியில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வாரம் கிளினிக் நாள். ஒரு காலையில் நூறு பேருக்கு மேல் பார்க்க வேண்டிய இடத்தில், கொப்பியில் உள்ளபடி ஒரு மாதத்துக்குக் கிளிபென்கிளமைட் கொடுக்கிறார்கள். வீட்டில் இப்போது இரண்டு கடதாசி உறைகள், இரண்டு பெயர்கள். அம்மா சொல்வழி கேட்கிறவர். இரண்டையும் குடிக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறது, விரதம், ஒரு நேரச் சாப்பாடு. சனி விடியற்காலை உடம்பெல்லாம் வேர்த்து, கதை குழறி, ஆளைத் தெரியாமல் கிடக்கிறார். பாரிசவாதம் என்று நினைத்துத் தூக்கி வருகிறார்கள். சீனி 40க்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து, "ஏன் என்னை இங்க கொண்டந்தனியள்?" என்று கேட்பார். ஆனாலும் அன்றைக்கே வீட்டுக்கு விடமாட்டோம். இந்த வகைக் குளிசையில் சீனி மறுபடியும் இறங்கும். ஒரு நாள், இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒவ்வொருவரும் தன் கையிலிருந்த தாளின்படி சரியாகவே நடந்தார்கள். கனடாவிலிருக்கும் மகள்கூட ஒவ்வொரு இரவும் கோல் எடுத்து, "என்ன மருந்து குடுத்தவை?" என்று கேட்டவர்தான். "எதை நிறுத்தினவை?" என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்துத் துண்டில் புதிதாய்த் தொடங்குவதுதான் இருக்கும். நிறுத்தியதை எழுத அதில் இடமே இல்லை. நம் கணக்குக் கொப்பியில் பிழையான வரியை ஒரே கோட்டால் வெட்டிவிட்டுத்தான் அடுத்த வரி எழுதவேண்டும் என்று படிப்பித்தார்கள். அந்த ஒற்றைக் கோடுதான் மருந்துத் துண்டில் இல்லாமல் போகிறது.

ஆகவே வைத்தியரின் அறையை விட்டு எழும்ப முன்னர் கேளுங்கள்: "டொக்டர், பழையதில எதை நிறுத்திறது?" பதிலை அவர் கையாலேயே கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறொருவரின் கொப்பியில் எழுதச் சிலர் தயங்குவார்கள். துண்டையாவது கொப்பிக்குள் ஒட்டிக் கொண்டு போங்கள். கண் கிளினிக்குக்குப் போனாலும் அதே கொப்பி போகட்டும். அம்மாவை ஏசிப் பயனில்லை. "டொக்டரிட்டக் கேள்வி கேக்கக் கூடாது" என்று வளர்ந்த தலைமுறை அது. கேட்க வேண்டியவர்கள் நாம்.

வீட்டில் பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கும். நிறுத்திய குளிசைகள் எல்லாம் அதற்குள்தான். "காசு குடுத்து வாங்கினது, எறிய மனம் வரேல்ல." மிச்சக் குளிசையைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுக்கும் தர்மமும் அதற்குள்ளிருந்துதான் நடக்கிறது. அந்தத் தகரத்தை வெறுமையாக்குங்கள். ஆனால் சலிப்பில் நீங்களாக ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலோல், பிரெட்னிசலோன் போன்றவற்றைத் திடீரென விட்டால் ஆபத்து. மூட்டுவாதத்துக்கான மெத்தொட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிப்பது. அதைத் தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று உறையில் பெரிதாக எழுதிவையுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். கிளிபென்கிளமைட்டுக்குக் கனடாவில் கிளைபியூரைட் என்று பெயர். நம் பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோபென். பெயர் வேறு என்று இரண்டையும் அனுப்பிவைத்தால் இங்கே இரண்டையும் குடிப்பார்கள். "அம்மாவுக்குச் சீனி 180" என்று கேட்டுப் பதறினால் 18ஆல் பிரியுங்கள். உங்கள் நாட்டுக் கணக்கில் 10. கோல் எடுக்கும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் ஒழுங்காக் குடிக்கிறன் பிள்ளை" என்ற பதிலிலிருந்து ஒன்றும் தெரியவராது.

தேநீர் நேரத்தில் மண்டபத்தின் பின்பக்க மேசையில் நாங்கள் நான்கு பேர் இருப்போம். ஆசிரியர்கள் சிலர் கைப்பையில் குளிசைகளோடு வந்திருப்பது தெரியும். கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் ரீச்சர், சேர்ந்து பார்ப்போம்.