கிளம்ப மறுக்கும் வண்டி

நம்மைப் போலவே சென்னையினின்று தில்லிக்குக் குடிவந்த பழைய புல்லட், தை மாதக் குளிரில் கிளம்ப மறுக்கிறதா? உதைத்து உதைத்துக் கால் ஓய்வதற்கு முன், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நோய் இன்னதென்று பெரும்பாலும் அதுவே கூறிவிடும்.

பிளக் உலர்ந்திருப்பின், பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பொருள். தொட்டியில் பெட்ரோல் உண்டா, அதன் குழாய் திறந்திருக்கிறதா, கார்புரேட்டரில் அடைப்பு உண்டா என்று வரிசையாக நோக்குங்கள். நனைந்திருப்பின், பெட்ரோல் வந்தும் எரியவில்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கை விலக்கிவிட்டு உதையுங்கள். அப்போதும் பயனில்லையேல், குறை தீப்பொறியில் இருக்கலாம். புதிய பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கழற்றிய பிளக்கில் பொறி தெறிக்கிறதா எனச் சோதிப்பது, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீயை வலிந்து அழைப்பதாகும். அச்சோதனையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அலுவலகத்துக்குத் தாமதமாகச் செல்வதால் கேடொன்றுமில்லை.