ஹார்மோன் ஏற்பிகள் சொல்லும் சேதி



பேத்தாலஜிக்காரங்க பேசினா தூக்கம் வரும்னு சொல்வாங்க. அதனால சுருக்கமாவே முடிச்சிடறேன்.

முற்றிய மார்பகப் புற்றுநோயில் சூலகங்களை அகற்றினால் கட்டி சுருங்குகிறது என்று 1896-இல் கிளாஸ்கோ சர்ஜன் பீட்சன் எழுதினார். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அப்படிச் சுருங்கவில்லை. ஏன்? விடைக்கு வழிகாட்டியவர் சிகாகோவின் எல்வுட் ஜென்சன். ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சில கட்டிகளில்தான் இருக்கிறது. பூட்டு இருந்தால்தானே சாவிக்கு வேலை?

இன்று 100 புற்றணுக்களில் ஒன்று சாயம் ஏற்றாலே ‘பாசிட்டிவ்’. இவர்களுக்கு 5 ஆண்டு டமாக்சிஃபென் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்ச் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அதற்காக, பாசிட்டிவ்னா கவலையே இல்லைன்னு இருந்துடக் கூடாது. நெகட்டிவ் கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் 5 ஆண்டுக்குள். பாசிட்டிவ் கட்டியோ 20 ஆண்டு கழித்தும் திரும்பலாம். ஆகவே கண்காணிப்பை விடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுத்தெடுத்த கட்டி மேஜைமேல் காய்ந்து கிடந்தால் ஏற்பிகள் சிதையும். பாசிட்டிவ் கட்டியே நெகட்டிவாகத் தெரியலாம். மலிவான அந்த மாத்திரை, தேவைப்படும் பெண்ணுக்கே கிடைக்காமல் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் கட்டியை ஃபார்மலினில் போடுங்கள். போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள். அட்டெண்டர் பார்த்துக்குவார்னு விட்டுடாதீங்க. எங்கள் மைக்ராஸ்கோப் சொல்லும் தீர்ப்பு, உங்கள் தியேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது.