ஒழுக்கம் என்னும் சொல்



ஒழுக்கம் என்னும் சொல்லை நாம் எங்கே கேட்கின்றோம்? பாடசாலையிலே, மணியடித்ததும் வரிசையில் நிற்பது ஒழுக்கம். கந்தோரிலே, குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு நடப்பது ஒழுக்காற்று விசாரணை. இதனால் ஒழுக்கம் என்பது பிறர் நம்மீது சுமத்தும் கட்டுப்பாடு என்றே பலர் எண்ணுகின்றோம். மிஷன் பாடசாலையிற் பயின்ற நம்போன்றோர்க்கு இவ்வெண்ணம் எளிதில் வந்துவிடும். சொல்லின் வேரோ வேறொன்றைக் கூறுகின்றது.

ஒழுகு என்பதே அவ்வேர். மாரியிலே கூரை ஒழுகுகின்றது என்கின்றோம். பெரியோர் சொற்படி ஒழுகுகின்றான் என்றும் சொல்கின்றோம். யாழ்ப்பாணத்து வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கையும் இக்குடும்பத்துச் சொல்லே. ஆகவே கண்காணிப்பார் இல்லாதபோதும் இடையறாது செல்லும் நடையே ஒழுக்கம். ஆயினும் நீர் பள்ளத்தை நாடும்; வரம்பைப் பேணாவிடின் பயிருக்குரிய நீர் பாழாகும். ஆதலினாலன்றோ, திருவள்ளுவர் தமது 14 ஆம் அதிகாரத்தில் ஒழுக்கத்தை உயிரினும் மேலாகக் காக்கும்படி கூறினார்!

அவ்வதிகாரமே ஒழுக்கமுடைமைதான் உயர்குடிமை என்றும் கூறுகின்றது. உரைகண்ட பரிமேலழகர், அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் விதித்ததே ஒழுக்கம் என வகுத்தார். அவர் புலமைக்குத் தலைவணங்குகின்றோம். எனினும் இவ்விடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை. ஓதியதை மறந்தாலும் மீண்டும் ஓதிக்கொள்ளலாம், ஒழுக்கங் குன்றினால் பிறப்பின் சிறப்பும் கெடும் என்று பார்ப்பானைக் குறித்தே வள்ளுவர் சொல்கின்றார். பிறப்பு ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஆசாரம் என்னும் வடசொல்லும் நடையையே குறிக்கும். நம்மவர் வழக்கிலோ அது நீராடல், தோய்த்துலர்ந்த ஆடை, மச்சம் நீக்கல் என்று சுருங்கியது. பின்னர் பிறரை விலக்குதற்கும் கருவியாயிற்று. சாதி காரணமாகக் கோயிலில் ஒருவரைத் தடுத்தல் குற்றமென 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அதன் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள்ளே சென்று வழிபட வந்த அடியார்கள் வாயிலில் தடுக்கப்பட்டனர். தடுத்தவர்கள் ஆசாரங் காப்பதாகவே கருதினர். நீராடித் திருநீறு பூசி நிற்பது ஆசாரம். அருகே நிற்பவரையும் அடியாரென மதிப்பது ஒழுக்கம். முன்னது இருந்தும் பின்னது இல்லாதொழியலாம் என்பதற்கு அந்நாள் சாட்சி.

அன்பர்களே! சட்டம் கதவைத் திறக்கும். உள்ளத்தைத் திறப்பது நம் கடன். திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைக்கும்போதும், அன்னதானப் பந்தியில் இலை போடும்போதும், சங்கத்துக்கு அங்கத்தவரைச் சேர்க்கும்போதும் நமது ஒழுக்கம் சோதிக்கப்படுகின்றது. வந்தவரை இன்னார் என்று வினவாதிருக்கும் துணிவு வாலிபர்க்கு வேண்டும். அதைக் கண்டு முகஞ்சுளியாத பெருமனம் பெரியோர்க்கு வேண்டும். இவ்விரண்டையும் இறைவன் அருள்வானாக.