சாரற்காலமும் பழைய மடிக்கணினியும்



தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே நுழைந்து, குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகத் தூவும் மாதங்களில், அருவியாட வருவோர்க்கு உண்டாகும் இன்பத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் உலராத அதே ஈரம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய மடிக்கணினிக்குப் பகை. பழுதுற்ற கணினியின் நோய் இன்னதென்று கண்டறியும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். பல்லாண்டுகள் பௌதிகம் பயிற்றியவன் என்பது தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை.

பழைய கணினி என்று ஏளனம் செய்ய வேண்டா. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அன்று தந்தவற்றுள் சில அக்காளிடமிருந்து தம்பிக்குக் கைமாறி இன்றும் உழைக்கின்றன. கிடைக்காதவர்கள் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து யாரோ பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குகின்றனர். அந்தச் சில ஆயிரம் எளிய குடும்பத்தில் எத்தனை மாதச் சேமிப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி. பீடி சுற்றும் தாயின் சேமிப்பில் அவ்வாறு வாங்கிய கணினி அவளுடையது. கல்லூரியில் செய்முறைத் திட்டத்தை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கையில், சாரல் நாளொன்றில் அது நின்றுபோயிற்று. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். பழுது பார்க்கும் கடையொன்றில் திறந்துகூடப் பாராமல் மதர்போர்டு போய்விட்டதென்று சொல்லி, வாங்கிய விலையில் முக்காற்பங்கு கேட்டார்களாம்.

“சார், எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது” என்றாள். கணினியை விட அதனுள் இருந்த உழைப்பையே அவள் எண்ணி வருந்தினாள்.

இவ்விடத்தில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எது கெட்டது?” என்பதன்று, “எது கெடவில்லை?” என்பதே. விசிறி சுழல்கிறதென்றால் மின்சாரம் உள்ளே வருகிறது. ஆகவே சார்ஜர் மேல் குற்றமில்லை என்று ஒருவாறு கொள்ளலாம். அடுத்தது திரை. டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் பின்னொளி மட்டும் அவிந்ததென்று பொருள். ஒன்றும் தெரியவில்லை. வேறொரு மானிட்டரைக் கம்பியால் இணைத்தோம். அதுவும் இருண்டே இருந்தது. ஆகவே திரையும் விடுதலை பெற்றது.

மீதியிருந்தவை மதர்போர்டும், ராம் எனப்படும் நினைவகமும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தைப் போக்கினோம். பிறகு இரண்டு ராம்களையும் எடுத்துவிட்டு, சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கினோம். கணினி ‘பீப், பீப்’ என்று ஒலித்தது. அந்தப் பெண் அஞ்சினாள், எனக்கோ மகிழ்ச்சி. நினைவகம் இல்லையென்று முறையிடும் அளவுக்கு மதர்போர்டுக்கு உயிர் இருக்கிறது அல்லவா? எல்லாக் கணினியும் இவ்வாறு ஒலிப்பதில்லை. சில விளக்கைச் சிமிட்டும்.

இனி, இரண்டு ராம், இரண்டு இடம். ஆகவே நான்கு சோதனைகள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நீக்கி, ஒன்றை மட்டும் மாற்றினோம். முதல் இடத்தில் எந்த ராமைப் பொருத்தினாலும் திரை ஒளிர்ந்தது. இரண்டாம் இடத்தில் எதைப் பொருத்தினாலும் இருண்டது. கெட்டது அந்த இடம்தான். உற்று நோக்கியபோது அதன் ஊசிகளில் பச்சைக் களிம்பு தெரிந்தது. ஈரமும் மின்சாரமும் செம்பும் சேர்ந்தால் விளைவது அதுவே. ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மென்தூரிகையில் தொட்டுத் துடைத்தும் அவ்விடம் உயிர் பெறவில்லை. ஒற்றை ராமுடன் கணினி மெதுவாக ஓடுகிறது. திட்டம் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது.

இரண்டு பகுதியை ஒரே முறையில் மாற்றியிருந்தால், அது ஓடியிருக்கும். ஏன் ஓடிற்று என்பது தெரிந்திராது. 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு என்னும் கணிப்பொறி பிழை செய்தபோது, அதை இயக்கியோர் தேடித் தேடி ஒரு ரிலேயில் சிக்கிய விட்டிற்பூச்சியைக் கண்டெடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். நம் ஊரில் அந்த இடத்தில் எறும்பு இருக்கும், வேறுபாடு அவ்வளவே.

பிற நோய்களைச் சுருங்கச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடித் தானே நின்றால், விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே தூசி அடைத்திருக்கக்கூடும். ஊதும்போது விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொள்க. ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் தவறினால், பெரும்பாலும் உள்ளிருக்கும் 3 வோல்ட்டுச் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். ஹார்டு டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டினால் வேறெதையும் ஆராய வேண்டா. முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள்.

சாரலில் நனைந்த கணினியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று உடனே இயக்குவதுதான் அதற்குச் செய்யும் பெருங்கேடு. மின்சாரத்தையும் பேட்டரியையும் நீக்கி, கூடாரம்போல் கவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் சில நாள் விட்டுவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூசி உள்ளே நுழைவதுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் நம் சோதனைக்கு உரியதன்று. கணினியின் அடிப்பக்கம் புடைத்தாலோ, விரலால் தடவும் பலகை மேலெழும்பினாலோ, உள்ளே லித்தியம் பேட்டரி வாயு கொண்டு உப்பியிருக்கிறதென்று ஐயுறுங்கள். அதைக் குத்துவதும் நசுக்குவதும் தீயை வரவழைக்கும். அன்று நாங்கள் கழற்றிய பேட்டரியும் சற்றே உப்பியிருந்தது. அதை மீண்டும் பொருத்த நான் இசையவில்லை. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. ஆகவே அதைக் குப்பைத் தொட்டியில் இடாமல், மின்னணுக் கழிவு பெறுவோரிடம் கொடுக்குமாறு சொன்னேன். அந்த மாணவியின் கணினி இப்போது சார்ஜர் மட்டும் கொண்டே ஓடுகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆதலால் அவள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை தன் வேலையைச் சேமித்து வைக்கிறாள்.